இரண்டு இரவு ஒரே வரிசையில் வாசிக்காத குழு

வியாசர்பாடியில் நண்பர்களோடு குழு நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “பேர்ல் ஜாம் என்ற அமெரிக்க ராக் குழுவின் லைவ் கச்சேரிகளைத் தேடித் தேடிக் கேட்கிறேன். 30 வருஷம் தாண்டியும் ஒரு நாள் வாசித்த வரிசையை மறுநாள் வாசிப்பதில்லை. எங்களிடம் இருப்பது 12 பாட்டு. ஒரே வரிசையில் வாசித்தாலே ரெண்டு இடத்தில் தாளம் தட்டிப்போகிறது. அவர்களால் மட்டும் எப்படி முடிகிறது? எங்களைப் போன்ற தெரு மேடைக் குழு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?”

நிறைய இருக்கிறது தம்பி. 1990களின் நடுவில் பாக்ஸ் தூக்குகிற பையனாக சவுண்டு சர்வீஸில் சேர்ந்தேன். அப்போதிலிருந்து இந்தக் குழுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் கேசட் பர்மா பஜாரில் வாங்கியது. அட்டையில் படம் கிடையாது, குழுவின் பெயரைப் பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு ஊர் மேடையில் பதிந்ததின் நகலுக்கு நகல். பாதிப் பாட்டில் பாடகர் நிறுத்திவிடுகிறார், கூட்டம் பாடுகிறது. பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் இருந்தார். கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு கிட்டார் வாசிப்பவர். அவர் வீட்டு டேப்ரிக்கார்டரில் அதைப் போட்டபோது கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “டேய், டிரம்மரைக் கேளு. எல்லாரும் அவனைத்தான் பாத்துக்கினு இருக்காங்க” என்றார். கேசட்டில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. உங்கள் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது.

குழுவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சியாட்டில் நகரம், 1990. கிட்டார் ஸ்டோன் கோஸார்ட், பேஸ் ஜெஃப் அமெண்ட். இவர்கள் இருந்த பழைய குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் அந்த வருஷம் மார்ச்சில் ஹெராயினால் இறந்துபோனார். மிஞ்சியவர்கள் மைக் மெக்ரெடியைச் சேர்த்துக்கொண்டு, வார்த்தை இல்லாத மெட்டுகளை ஒரு கேசட்டில் பதிந்தார்கள். அது கைமாறி, சான் டியாகோவில் இரவு ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்த எடி வெட்டரிடம் போனது. அவர் பாடித் திருப்பி அனுப்பினார். 1990 அக்டோபர் 22-ல் முதல் மேடை. 1991 ஆகஸ்டில் முதல் ஆல்பம் ‘டென்’. இந்த நாலு பேரும் இன்றுவரை பிரியவில்லை. டிரம்ஸில் மட்டும் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. 1998-ல் சவுண்ட்கார்டன் குழுவின் மேட் கேமரன் வந்து உட்கார்ந்தார், 2025 வரை இருந்தார். டிக்கெட் விலையை 20 டாலருக்குள் வைக்க வேண்டும் என்று 1994-ல் கச்சேரி டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தை எதிர்த்து அரசிடம் புகார் கொடுத்தார்கள். கோஸார்டும் அமெண்டும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய்ச் சாட்சி சொன்னார்கள். 1995-ல் விசாரணை மூடப்பட்டது, அவர்கள் நினைத்தது நடக்கவில்லை. ஆனாலும் கச்சேரிக்கு வருகிறவனை மதிக்கிற குழு என்ற பெயர் நிலைத்தது. அவர்கள் மேடையைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

இப்போது வரிசைக்கு வருவோம். அன்றன்றைய பட்டியலை வெட்டர் கையால் எழுதுகிறார். இந்த ஊரில் போன தடவை என்ன வாசித்தோம், இது முதல் இரவா இரண்டாம் இரவா என்றெல்லாம் பார்த்து எழுதுவது. 2003 ஜூலையில் பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் மான்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில் மூன்று இரவு வாசித்தார்கள். ஒரு பாட்டைத் தவிர எதையும் இரண்டாம் தடவை வாசிக்காமல், தங்கள் பாட்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அந்த மூன்று இரவில் முடித்தார்கள். இதைக் கேட்டு, அவர்களுக்கு நூறு பாட்டு மனப்பாடம், நமக்குப் பன்னிரண்டு, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு பாட்டு மனப்பாடமாக இருந்தும் ஒரே வரிசையை வருஷக்கணக்கில் வாசிக்கிற குழுக்கள் உண்டு.

அவர்கள் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு இடத்தைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். மீதி எல்லாம் ஆணி அடித்தது போல இறுக்கம். அதிகத் தடவை மேடையேறிய பாட்டு ‘ஈவன் ஃப்ளோ’. அதில் மெக்ரெடியின் சோலோ வரும் இடத்தைப் பத்து வெவ்வேறு பதிவில் கேளுங்கள், நீளம் ஒன்றுபோல இருக்காது. ‘டாட்டர்’ பாட்டின் கடைசியில் எல்லாரும் சத்தத்தைத் தரைக்கு இறக்கி ஒரே சுற்றில் நிற்பார்கள். அதன்மேல் வெட்டர் வேறு யாருடைய பாட்டிலிருந்தோ நாலு வரி எடுத்துப் பாடுவார், சில நாள் அங்கேயே புதிதாக வரி கட்டிப் பாடுவார். அந்த நேரம் வீடியோவில் பாடகரைப் பார்க்காதீர்கள், மற்றவர்களைப் பாருங்கள். பேஸும் கிட்டாரும் டிரம்ஸ் பக்கம் உடம்பைத் திருப்பியிருக்கும். டிரம்மரின் கண் பாடகரின் முதுகில் இருக்கும். பாடகர் மைக்கை விட்டு அரை அடி பின்னால் வந்தால் டிரம்மருக்குத் தெரியும், டிரம்மர் கையை ஓங்கினால் மற்றவர்களுக்குத் தெரியும். பெரம்பூர் பெரியவர் கேசட்டிலேயே கேட்டது இதைத்தான். எல்லாரும் ஒரே அடியில் திரும்ப விழுந்தால், விழுவதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

இது நமக்குப் புதிதில்லை தம்பி. உங்கள் தெருவில் சாவு வீட்டில் பாடுகிற மரண கானா கேட்டிருப்பீர்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் புளியந்தோப்பில் ஒரு சாவு வீட்டுக்கு மைக் செட் போட்டேன். துறைமுகத்தில் லோடு இறக்குகிறவர் இறந்திருந்தார். ராத்திரி பத்து மணிக்குப் பாடகர் வந்தார். கூட ஒரு டோலக், டேப் என்கிற தோல் வாத்தியம் ஒன்று, சட்டி மேளம் அடிக்க ஒரு பையன். கையில் பட்டியல் எதுவும் இல்லை. வந்ததும் டீ குடித்துக்கொண்டே வாசலில் இருந்த ஆட்களிடம் விசாரித்தார். பெயர் என்ன, எத்தனை பிள்ளை, எந்த ஷெட்டில் வேலை, எந்த டீக்கடையில் உட்காருவார். பாட ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் அந்த டீக்கடை பாட்டுக்குள் வந்துவிட்டது. நடுராத்திரிக்கு மேல், இறந்தவரின் அம்மாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். பாடகர் வேகமான ஒரு பாட்டின் நடுவில் இருந்தார். நிறுத்தவில்லை. இடது உள்ளங்கையை இடுப்பு உயரத்தில் கவிழ்த்துக் காட்டினார், அவ்வளவுதான். சட்டி நின்றது, டேப் நின்றது, டோலக்கில் ஒரு விரல் மட்டும் டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவைப் பார்த்து ரெண்டு வரி பாடினார். மெட்டு அதேதான், வார்த்தை அந்த நிமிஷத்தில் வந்தது. அம்மா ஓவென்று அழுது முடிக்கும் வரை அந்த ஒற்றை விரல் ஓடியது. பிறகு உள்ளங்கை மேலே திரும்பியது. பழைய வேகத்தில், விட்ட அடியிலிருந்தே பாட்டு எழுந்தது. மிக்ஸர் பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பேர்ல் ஜாம் ‘டாட்டர்’ கடைசியில் செய்வதும் இதுவும் ஒரே வித்தை. இது நம் பேட்டையில் பிறந்த வித்தை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடையேறியபோது, 19 பேர் கொண்ட அந்தக் குழுவில் கானாவும் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றாக நின்றன. இரண்டும் சேருமா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் டிரம்மரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நல்ல டோலக்காரர் பக்கத்தில் ஒரு ராத்திரி உட்காரவையுங்கள். எந்த வகுப்பும் அதைச் சொல்லித்தராது.

அடுத்து, தாளம் தட்டிப்போகிறது என்றீர்களே. அது உங்கள் கையின் குற்றமாக எனக்குத் தோன்றவில்லை. தெரு மேடையில் பாக்ஸ் எல்லாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? கூட்டத்தைப் பார்த்து. மேடையில் இருப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்கத் தனி பாக்ஸ், அதாவது மானிட்டர், உண்டா? பெரும்பாலும் கிடையாது. அப்படியானால் டிரம்மர் பாடகரின் குரலை எங்கிருந்து கேட்கிறார்? எதிர் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தத்திலிருந்து. எதிர்ச்சுவர் 17 மீட்டர் தூரம் என்று வையுங்கள். போய்வர 34 மீட்டர். சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும், ஆக பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதம். நிமிஷத்துக்கு 120 அடி ஓடுகிற பாட்டில் ஒரு அடிக்கு அரை விநாடிதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு பின்னால் வருகிற குரலைப் பிடித்துக்கொண்டு அடித்தால் டிரம்மர் இழுக்கத்தான் செய்வார். பாடகர், டிரம்மர் இழுக்கிறார் என்று முன்னால் ஓடுவார். ரிகர்சல் அறையில் சரியாக வந்த பாட்டு மேடையில் சரிவது இதனால்தான்.

அதனால் செட் பேசும்போது மானிட்டர் ரெண்டு கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் வாடகைதான், ரெண்டு கலர் லைட்டைக் குறைத்தாவது கேளுங்கள். ஒன்று டிரம்மருக்கு, அதில் பாடகர் குரலும் பேஸும் மட்டும் போதும். இன்னொன்று பாடகரின் காலடியில், மைக்கின் பின்பக்கத்தை நேராகப் பார்த்து. எஸ்எம் 58 மாதிரி மைக் பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் குறைவாகத்தான் வாங்கும், அதனால் பாக்ஸ் சத்தம் திரும்ப மைக்கில் புகுந்து கூவாது. பாடகரிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. பொத்தினால் அந்தத் தன்மை கெட்டு எல்லாப் பக்கமும் வாங்க ஆரம்பிக்கும், உடனே கூவும். பழியை சவுண்டுக்காரன் சுமப்பான். ஒருவரை ஒருவர் கேட்க முடிகிற மேடையில்தான் வரிசையை மாற்றிப் பார்க்க முடியும். கேட்காத மேடையில் மனப்பாடம் செய்த வரிசையைத் தவிர வேறு எதையும் நம்ப முடியாது.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மேடை என்றால் கடல்காற்றையும் கணக்கில் எடுங்கள். சாயங்காலம் காற்று கடலிலிருந்து ஊருக்குள் அடிக்கும். மேடை கடலைப் பார்த்து இருந்தால் சத்தம் காற்றுக்கு எதிராகப் போக வேண்டும், மேலே வளைந்து போய்விடும். பின்வரிசைக்குக் கேட்காது. முடிந்தால் கடலுக்கு முதுகு காட்டி மேடை போடச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் ஜாக் பின் பச்சை பூத்துப்போகும், கரகரவென்று சத்தம் வரும். வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு பின்னையும் துணியால் துடையுங்கள். கிட்டார் கம்பியும் அப்படித்தான், ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் துடைத்தால் சில நாள் கூடுதலாக வரும்.

‘அலைவ்’ பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனசு வராது. வெட்டர் யாரை அப்பா என்று நம்பி வளர்ந்தாரோ அவர் வளர்ப்புத் தந்தை. பெற்ற தகப்பன் இறந்துபோனவர். இது பதின்வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த அடியிலிருந்து எழுதிய பாட்டு அது. இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்ற வரி அவருக்குச் சாபமாக இருந்தது. ஆனால் கச்சேரிக்குக் கச்சேரி ஆயிரக்கணக்கான பேர் கையைத் தூக்கி, உயிரோடு இருப்பதைக் கொண்டாடுகிற வரியாக அதைப் பாட ஆரம்பித்தார்கள். கூட்டம் அந்தச் சாபத்தை எடுத்துவிட்டது என்று பின்னாளில் அவரே ஒரு நிகழ்ச்சியில் சொன்னார். ஸ்டூடியோவில் பதிந்தது ஒரு பொருள், மேடையில் கூட்டம் கொடுத்தது வேறு பொருள்.

அதே பாட்டைக் குழு பூட்டி வைத்த காலமும் உண்டு. 2000 ஜூன் 30, டென்மார்க்கில் ரோஸ்கில்ட விழா. மழை, தரையெல்லாம் சேறு. மேடைக்கு முன்னால் நின்றவர்கள் வழுக்கி விழுந்தார்கள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது, விழுந்தவர்களால் எழ முடியவில்லை. விஷயம் மேடைக்கு வந்ததும் வெட்டர் பாட்டை நிறுத்தி, எல்லாரும் ஒன்றாகப் பின்னால் மூன்று அடி வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். குழுவையே கலைத்துவிடலாமா என்று யோசித்தவர்கள், ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவில் மறுபடி மேடையேறினார்கள். ஆனால் ‘அலைவ்’ வாசிக்கவில்லை. நவம்பர் 6, சுற்றுப்பயணத்தின் கடைசி இரவு, சொந்த ஊரான சியாட்டிலில்தான் அதை மறுபடி எடுத்தார்கள். திறந்தவெளி விழாக்களுக்கு 2006 வரை போகவே இல்லை. ரோஸ்கில்ட விழாவும் அதன்பிறகு மேடைக்கு முன்பகுதியைத் தடுப்புகளால் பிரித்து, எண்ணி ஆட்களை விடும் முறைக்கு மாறியது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஆடி மாதம், கூழ் ஊற்றும் திருவிழாவில், குறுகலான தெருவில் கச்சேரி. பிரபலமான ஒரு பாட்டு ஆரம்பித்ததும் பின்னாலிருந்து பையன்கள் மேடை நோக்கி வந்தார்கள். முன்னால் சவுக்குக் கட்டைத் தடுப்பு, அதில் சாய்ந்தபடி பெண்களும் சின்னப் பிள்ளைகளும். தடுப்பின் மேல் கட்டை வில்லாக வளைவதை மிக்ஸரிலிருந்து பார்த்தேன். ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தது. பாடகர் முகத்தில் லைட், அவருக்கு எதுவும் தெரியவில்லை. நான் மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரை அப்படியே கீழே இறக்கினேன். அது தப்பு. பாட்டோடு மைக்கும் செத்துப்போனது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துப் பின்னாலிருந்தவர்கள் கூச்சல் போட்டு இன்னும் முன்னால் வந்தார்கள். மேடையிலிருந்து ஒருவர் வெறும் குரலில் கத்திக் கத்தித்தான் நிலைமை அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து வாத்தியங்கள் எல்லாவற்றையும் ஒரு குரூப்பிலும், பாடகர் மைக்கைத் தனியாகவும் வைக்கிறேன். ஆபத்து என்றால் வாத்தியம் மட்டும் இறங்கும், குரல் இருக்கும், தெரு விளக்கு எல்லாம் எரியும். சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டிவிட்டால் ஒருவரால் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது, கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்க ஆரம்பிக்கும். அந்த அலை மேடையிலிருந்து பார்த்தால் தெரியும், கூட்டத்துக்குள் இருப்பவனுக்குத் தெரியாது. ஆகையால் நிறுத்துவதற்கான சைகையையும் ரிகர்சலில் பழகுங்கள். பாட்டு எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும், உங்களில் யார் காட்டினாலும், ரெண்டு அடிக்குள் எல்லாரும் நிற்க வேண்டும்.

வரிசை மாற்றுவதை எங்கிருந்து தொடங்குவது என்றால், இருக்கிற 12 பாட்டோடு இன்னும் நாலு சேருங்கள். முதல் மூன்றும் கடைசி ரெண்டும் எப்போதும் மாறாது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவை உங்களைத் தாங்கும். நடுவில் மட்டும் அன்றைக்கு அன்றைக்குத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஸ்ருதியில் இருக்கிற பாட்டுகளைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தால் கிட்டாரைத் திருகிக்கொண்டு கூட்டத்தைக் காக்கவைக்க வேண்டியிருக்காது. பட்டியலை மார்க்கரில் பெரிதாக எழுதி ஒவ்வொருவர் காலடியிலும் ஒட்டுங்கள். ஒரே ஒரு பாட்டில் மட்டும் கடைசியைத் திறந்துவையுங்கள், அதிலும் ஒரு சுற்று போதும். ஆறு மாதம் கழித்து இரண்டாவது பாட்டு.

பதிவு செய்யவும் மறக்காதீர்கள். 2000 சுற்றுப்பயணத்தில் பேர்ல் ஜாம் கச்சேரிகளைத் தாங்களே பதிந்து, 72 இரவுகளைத் தனித்தனி ஆல்பமாக வெளியிட்டார்கள். நான் பஜாரில் வாங்கியது போன்ற மோசமான நகலை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்று ஆனது. அதில் ஏதாவது மூன்று இரவை எடுத்து, ஒரே பாட்டை மூன்றிலும் கேளுங்கள். உங்கள் கச்சேரியை மிக்ஸர் பக்கத்தில் போனை வைத்துப் பதியுங்கள். மறுநாள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள், யாரையும் குறை சொல்லாமல். எந்த அடியில் ஒருவரை ஒருவர் பார்க்கத் தவறினீர்கள் என்று உங்களுக்கே கேட்கும்.

இன்னும் ஒன்று. பேர்ல் ஜாம் கச்சேரியின் முடிவில் அரங்கத்து விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாசிப்பார்கள். மேடைக்கும் கூட்டத்துக்கும் ஒரே வெளிச்சம். நம் தெருவில் அதற்குத் தனியாகச் செலவு கிடையாது, சீரியல் லைட்டும் ட்யூப் லைட்டும் ஏற்கனவே கட்டியிருக்கும். எஃபெக்டுக்காக அதை அணைக்கச் சொல்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. கடைசி ரெண்டு பாட்டுக்காவது எரியவிடச் சொல்லுங்கள். மாடியில் நிற்கிற பாட்டி எந்த வரியில் கூடப் பாடுகிறார் என்று உங்கள் பாடகருக்குத் தெரியட்டும்.